தொட்டில் அறைப் படிக்கட்டு

ரோடெலுக்குப் பொம்மைச் செங்கல் பைத்தியம். கல்யாணமான ஆண்பிள்ளை, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் நிரந்தர வேலை. இருந்தும் கையில் நாலு காசு சேர்ந்தால் அது பிளாஸ்டிக் கல்லாக மாறித்தான் வீட்டுக்கு வரும். வீடு என்றால் அவன் வீடு இல்லை. மணிலாவை ஒட்டிய காவித்தேயில் மாமியார் புரீத்தாவின் வீடு. மாடியில் இருந்த ஒரே உபரி அறையில் கூரை முட்டப் பெட்டிகள். சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, கதவு ஜன்னலுக்குத் தனியாக ஒன்று. அந்த அறையைத் திறக்கும்போதெல்லாம் புரீத்தா சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள். அது பக்தியால் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மனைவி லீசெல் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே மாமியார் பேச்சை எடுத்துவிட்டாள்.

"குழந்தைக்கு ரூம் வேணும். உன் பெட்டிங்கல்லாம் கிளம்பட்டும்."

"நானாய், டிவி போட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அது முடியட்டுமே." மாமியாரை அவன் நானாய், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

"போட்டியா? பொம்மை அடுக்குறதுக்கா? சரி, ஜெயிச்சிட்டு வா, பெட்டி இருக்கட்டும். தோத்தியானா ஒரு கல்லு மிச்சமில்லாம வித்துடணும். சம்மதமா?"

லீசெல் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். ரோடெல் சம்மதம் என்றான். அவனுக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும்.

ஜோடி ஜோடியாகக் கட்டுகிற போட்டி அது. எங்கெங்கோ நாடுகளில் ஓடி, அந்த வருஷம்தான் மணிலாவுக்கு வந்திருந்தது. ரோடெலுக்கு ஜோடி அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் நொனொய். இரண்டு சுற்று தாண்டினார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன்னால் கப்பல் ஏஜென்சியிலிருந்து நொனொய்க்கு அழைப்பு வந்துவிட்டது. கப்பல் வேலைக்கு அழைப்பு வந்தால் பெண்டாட்டி பிரசவத்துக்கே நிற்க முடியாது, பொம்மைக்கா நிற்பான்? பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாற்று ஆள் ஒரே வீட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்றது விதி. லீசெலைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது புரீத்தா ஒருத்திதான்.

"நானா?" என்றாள் புரீத்தா. "நீ தோத்தாத்தான் எனக்கு ரூம். தெரியுமில்ல?"

"தெரியும், நானாய்."

"தெரிஞ்சும் கூப்பிடுற. உனக்கு நிஜமாவே புத்தி கம்மி."

ஆனால் வந்தாள். வந்தவள் சும்மாவும் இருக்கவில்லை. ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகையில் பொடிப் பொடிச் சாமான் பொருத்தியே காலம் கழித்த விரல்கள் அவளுடையவை. ரோடெல் வரைந்து காட்டி வாய் மூடுவதற்குள் சுவர் எழும்பி நிற்கும். மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று என்று ஏறி இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டார்கள். ரோடெலுக்கு அதில் சந்தோஷம் பாதி, சந்தேகம் பாதி. ஜெயிக்க ஒரு படி இருக்கும்போது இந்த அம்மாள் காலை வாரிவிட்டால்? பெட்டிகள் விற்றுப்போய் வெறும் அறையாக நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இறுதிச் சுற்றில் மூன்று ஜோடி. பக்கத்து மேஜையில் பெயா, மிகி என்ற அக்கா தம்பி. கட்டடக்கலை படிக்கிறவர்கள், நாக்கும் நீளம். கோடி மேஜையில் இலோயிலோவிலிருந்து வந்த இரண்டு நர்ஸ் சகோதரிகள், வெங்கும் தெஸ்ஸும். வாயே திறக்க மாட்டார்கள். மேற்பார்வைக்கு சாஸ்கியா என்ற வெள்ளைக்காரம்மா. எட்டு நாட்டில் இதே நிகழ்ச்சியை நடத்தியவள். கட்டை விரல் தடிமனுக்கு ஒரு விதிப்புத்தகம் எப்போதும் அக்குளில் இருக்கும்.

"நீங்க குடியிருக்க ஆசைப்படுற வீட்டைக் கட்டுங்க!" என்று தொகுப்பாளன் ஜோஜோ கூவினான். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

ரோடெல் என்ன கட்டுவது என்று யோசிக்கவே இல்லை. கீழே சமையலறை, துணி உலர்த்தும் கொடி, வாசலில் சேவல் கூண்டு. மேலே ஒரு சின்ன அறை, ஜன்னலோரம் தொட்டில். புரீத்தா தொட்டிலைத் தன் கையாலேயே செய்தாள். வெள்ளைக் கல்லில், நகத்தளவு தலையணையோடு. பிறகு இருவரும் சேர்ந்து நீளமான ஓட்டுக் கூரை ஒன்றைத் தனியாகக் கட்டி மேஜையோரம் வைத்தார்கள். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினால்தான் ஏறும், அவ்வளவு பெரியது. அதை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. ரோடெலின் மனம் அப்போதே பெட்டிகளைப் பழைய இடத்தில் அடுக்க ஆரம்பித்திருந்தது.

"கூரையைப் புடிங்க, நானாய்."

"இரு. யாராவது ஒருத்தர் ஏறிப் பாக்க வேண்டாமா?"

அவள் ஒரு பொம்மை ஆளை எடுத்து மாடிப்படியில் ஏற்றினாள். ஒவ்வொரு படியிலும் அதை நிறுத்தி, "பொன், வெள்ளி, சாவு. பொன், வெள்ளி, சாவு," என்று முணுமுணுத்தாள். எந்தப் படிக்கட்டைக் கண்டாலும் அவர்கள் ஊரில் செய்வதுதான். கடைசிப் படி பொன்னிலோ வெள்ளியிலோ முடிந்தால் நிம்மதியாகக் குடிபோகலாம். சாவில் முடிந்தால் கொத்தனாரே வெட்கப்பட்டு இடித்துக் கட்டுவான். ரோடெல் காலையில் பார்த்துப் பார்த்துப் பொன்னில்தான் முடித்திருந்தான். மதியம் சமையலறை குட்டையாக இருக்கிறதென்று மாடியை உயர்த்தி இரண்டு படி கூடச் சேர்த்தான். மறுபடி எண்ணத் தோன்றவில்லை.

பொம்மை ஆள் தொட்டில் அறை வாசலில் போய் நின்றது. புரீத்தாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சாவு," என்றாள்.

"நானாய், இது பிளாஸ்டிக்."

"தொட்டில் இருக்கிற ரூமுக்குப் போற படிடா இது!"

"யாரும் குடிவரப் போறதில்ல! கூரையைப் புடிங்க, நேரமாச்சு!"

அவள் கூரையைப் பிடிக்கவில்லை. மேல்படியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். படி தனியாக வரவில்லை. தொட்டில் அறையின் தரையில் பாதியையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. தொட்டில் சரிந்து சமையலறை அடுப்பின்மேல் விழுந்தது.

ரோடெலுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை நாள் உள்ளே வைத்துப் பூட்டியது வெளியே வந்தது.

"தோக்கணும்னுதானே வந்தீங்க? அந்த ரூமுக்காகத்தானே இதெல்லாம்?"

காலரில் மைக் குத்தியிருந்தது அவனுக்கு நினைவில்லை. அரங்கமே கேட்டது. ஜோஜோவின் சிரிப்பு பாதியில் நின்றது. புரீத்தா மருமகனை ஒருமுறை பார்த்தாள். அடுப்பின்மேல் கிடந்த தொட்டிலை எடுத்து, ஊதி, ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுபடி குனிந்து பெயர்ந்த தரையைப் பொருத்த ஆரம்பித்தாள். ஒரு கல் அவள் விரலை விட்டு நழுவியது. தொழிற்சாலையில் யாரும் பார்த்திராத நழுவல் அது.

ரோடெல் அந்தக் கையைப் பார்த்தான். சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதைவிட மோசம், எண்ணிக்கை அவன் தலைக்குள்ளும் ஓட ஆரம்பித்திருந்தது. படுக்கையில் கிடக்கிற லீசெல், வயிற்றில் இருக்கிற குழந்தை, சாவில் முடிகிற படி. விளையாட்டுச் சாமான்தான். இருக்கட்டும், அவனாலும் அதை அப்படியே விட முடியவில்லை. தரையை அடியிலிருந்து உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தான்.

"மேல் படியைப் பிடுங்க வேண்டாம், நானாய். அதை இருந்த இடத்துலயே வைங்க. கீழ, வாசல்ல ஒரு படி சேத்துட்டா எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடும். கடைசி பொன்னுக்கு வந்துரும்."

புரீத்தா நிமிர்ந்தாள். "இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

பக்கத்து மேஜையில் மிகி விழுந்து விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, எங்க காலேஜ்ல இந்தப் பாடம் நடத்தவே இல்லையே!" சிரித்த வாய் மூடவில்லை, அவன் கண் தன்னுடைய கோபுரத்தைச் சுற்றி ஏறுகிற படிக்கட்டின் மேல் போனது. உதடு அசைந்தது.

"பெயா," என்றான் மெதுவாக. "நம்ம சுத்துப்படி எதுல முடியுது?"

"வேலையைப் பாருடா."

"எண்ணு. தயவுசெஞ்சு எண்ணு."

பெயா எண்ணினாள். "ஐயோ கடவுளே!" என்று அலறிவிட்டு அவளும் பிடுங்க ஆரம்பித்தாள். சுற்றுப்படி அடியிலிருந்து நுனி வரை ஒன்றோடொன்று கோத்தது. ஒன்றைத் தொட்டதும் மாலை அறுந்த மாதிரி மொத்தமும் கொட்டியது. காமிரா பிடித்தவன் காமிராவை விட்டுவிட்டு அரங்க மேடையின் படிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

சாஸ்கியா ஓடிவந்து ஜோஜோவின் கையைப் பிடித்தாள். "என்னதான் ஆச்சு இவங்களுக்கு? எட்டு நாட்டுல பாத்திருக்கேன். கடைசி நிமிஷத்துல கூரை வைப்பாங்க, கொடி வைப்பாங்க. மாடிப்படியை யாரும் பிடுங்கினதில்ல!"

"பயப்படாதீங்க, மேடம்," என்றான் ஜோஜோ. "உங்க ஹோட்டல் படியை வந்த அன்னைக்கே எண்ணிட்டேன். வெள்ளி. நிம்மதியாத் தூங்குங்க." அவள் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

மேல் படி இடத்துக்குப் போனது. தரை நின்றது. ரோடெல் வாசலில் ஒரு சாம்பல் நிறக் கல்லை அழுத்தினான். புரீத்தா தொட்டிலை ஜன்னலோரம் வைத்த நொடியில் "கையைத் தூக்குங்க!" என்று சத்தம் வந்தது. நான்கு கையும் மேலே போயின. கூரை மேஜையோரத்தில் அப்படியே கிடந்தது.

நடுவர்கள் சுற்றி வந்தார்கள்.

"கூரை எங்கேம்மா?" என்று கேட்டார் ஒருவர்.

"மழை வரட்டும், போட்டுக்கலாம்," என்றாள் புரீத்தா. அரங்கம் சிரித்தது. ரோடெலால் சிரிக்க முடியவில்லை. நடுவர் குனிந்து, யாருக்கும் தெரியாமல், இரண்டு விரலைப் படிகளில் ஏற்றிப் பார்த்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜெயித்தது நர்ஸ் சகோதரிகள். கோடி மேஜையில் இந்தக் கலவரத்துக்குக் காது கொடுக்காமல் அவர்கள் பாட்டுக்குக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வீட்டில் படியே இல்லை. வாசலிலிருந்து மொட்டைமாடி வரை வளைந்து வளைந்து ஏறுகிற சரிவுப் பாதை. அவர்கள் அப்பா முன்வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெங் முடிந்த வீட்டைக் காட்டி, "இதுல எல்லா ரூமுக்கும் அப்பாவே போகலாம்," என்றாள். அன்று முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ரோடெலும் கை தட்டினான், மனதாரத்தான் தட்டினான். தோற்றால் இவர்களிடம் தோற்கலாம் என்று இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் புரீத்தா பூண்டு போட்டு வறுத்த கடலையைக் கொறித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நானாய்," என்று ரோடெல் இரண்டு முறை ஆரம்பித்தான். இரண்டு முறையும் அவள் கடலைப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள். அவன் எடுத்துத் தின்றான்.

மறுநாள் காலை அவன் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினான். பந்தயம் பந்தயம்தான். லீசெல் கட்டிலில் படுத்தபடியே, "அம்மாகிட்ட நான் பேசட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றான். அந்த அம்மாளை ஊர் கேட்க அப்படிச் சொன்ன வாய்க்குப் பெட்டி கேட்கிற யோக்கியதை இல்லை என்று அவனே தீர்ப்பு எழுதி முடித்திருந்தான். சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். கீழே புரீத்தா பன்தெசால் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"விக்கத்தான். தோத்துட்டேன்ல."

"யாரு தோத்தா?"

"நான்தான், நானாய்."

"நீ மட்டும் தனியா எப்படிடா தோப்ப? அங்க நின்னது ரெண்டு பேரு. பந்தயம் போட்டது நீ தோக்கறதுக்கு. நாம தோக்கறதுக்கு நான் பந்தயமே போடலையே."

ரோடெல் பெட்டியோடு படி நடுவில் நின்றான். "நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க."

"தப்புதான். அதுவும் மைக்ல சொன்ன தப்பு. ஒளிபரப்பாகட்டும், காவித்தே முழுக்கப் பாக்கும். புரீத்தா தோக்கணும்னே போனாளாம், மருமகனைக் கவுக்கப் போனாளாம்னு மீன் கடையில நின்னு பேசுவாளுங்க." அவள் காப்பியை நங்கென்று வைத்தாள். "அடுத்த வருஷம் போய் ஜெயிச்சிட்டு வராம நான் தெருவுல எப்படி நடப்பேன்? கல்லை எல்லாம் வித்துட்டு எதை வெச்சுப் பழகுறது, உன் மண்டையை வெச்சா?"

"குழந்தைக்கு ரூம்?"

"என் ரூம் இருக்குல்ல? கீழ, லீசெலுக்குப் படியேற வேண்டாம். நான் மேல உன் பெட்டிங்களோட படுத்துக்கறேன். பச்சைப் பெட்டியை மட்டும் நகத்தி வை, கால் நீட்ட இடம் வேணும்."

ரோடெல் பெட்டியோடு திரும்பி ஏறினான். கீழேயிருந்து அவள் குரல் பின்னாலேயே வந்தது.

"எண்ணிக்கிட்டு ஏறு!"

"இது உங்க வீட்டுப் படி, நானாய். தினம் ஏறுறேன். பொன்னுலதான் முடியும்."

"தெரியும். இருந்தாலும் எண்ணு."

அவன் எண்ணிக்கொண்டே ஏறினான்.