சுத்தமான ஹிஸ்டரி

டீம் லீடர் எழுதிய புரோகிராம் ஒரே பஸ் சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தது. அந்தத் தப்பைத் தேடிப்பிடித்துச் சரிசெய்வதற்குள், டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த அவளுக்கு ஒரு வாரத்தில் தாவு தீர்ந்துவிட்டது.

“தனித் திருத்தமா நிக்க வேணாம்மா. நான் முதல்ல என் பேர்ல பதிஞ்சு வெச்ச கமிட்டுக்குள்ளேயே சேர்த்து அமுக்கிடு. யார் எப்ப என்ன எழுதினாங்கங்கிற ஹிஸ்டரி சுத்தமா இருக்கும்” என்றார் லீடர்.

அமுக்கினாள். ஒரு வரியை ஒட்டினால் அடுத்த வரி முட்டிக்கொண்டு நின்றது. டப்பாவிலிருந்த சாப்பாடு ஆறி அவலாய்ப் போனது. ஒருவழியாக அவள் திருத்தங்கள் எல்லாம் அவர் பெயருக்குள் போய் அடங்கின.

மறுநாள் மேனேஜர் அந்த ஹிஸ்டரியைத் திரையில் ஓடவிட்டார்.

“லீடர் முதல் தடவையே பிசிறில்லாம எழுதியிருக்காரே! வாரம் பூரா நீ என்னம்மா கிழிச்சே?”

அவள் லீடரைப் பார்த்தாள்.

“போகப்போகக் கத்துக்குவா, சார்” என்றார் அவர்.