பேன்ட்டில் வீரராகவன்

கலைவாணி அம்பத்தூரில் எம்பிராய்டரி கடை வைத்திருந்தாள். கம்பெனிச் சட்டைகளில் லோகோ தைத்துக் கொடுப்பது தொழில். வானகரத்தில் டைல்ஸ் ஒட்டும் கான்ட்ராக்ட் எடுக்கும் லோகநாதன் தன் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைக்க வந்தபோது, கூடவே அவர் தாயார் முத்தம்மாளும், மேஸ்திரி ஜெகதீசனும் வந்தார்கள்.

லோகோவைப் பார்த்ததும் கலைவாணிக்குச் சிக்கல் புரிந்துவிட்டது. அது லோகநாதனின் காலமான அப்பா வீரராகவனின் முகம். முறுக்கிய மீசை, விரிந்த கண்கள்.

ஜெகதீசனை நிற்கவைத்து, முகத்தின் காகித நகலை அவன் சட்டைப் பையில் குண்டூசியால் குத்தினாள்.

"பீடிக்கட்டு அங்கதாம்மா வெப்பானுங்க. எங்கப்பா மூஞ்சிக்குப் பின்னால பீடியா?" என்றார் லோகநாதன்.

முதுகில் குத்தினாள். "செவுத்துல சாய்வானுங்க. நசுங்கிடுவாரு."

சட்டைக் கையில் குத்தினாள். ஜெகதீசன் அந்த நேரம் பார்த்துத் தும்மி, பழக்கதோஷத்தில் மூக்கை அந்தக் கையிலேயே துடைக்கப் போனான். லோகநாதன் பதறிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

கலைவாணி பொறுமையாகக் கேட்டாள்: "சார், இவங்க வேலை செய்யறப்போ ஊட்டுக்காரங்க கண்ணுக்கு எது தெரியும்?"

ஜெகதீசன் தரையில் டைல்ஸ் ஒட்டுவதுபோல முன்னால் குனிந்து காட்டினான். மூன்று பேரும் பின்னாலிருந்து பார்த்தார்கள்.

"சேச்சே!" என்றார் லோகநாதன்.

"அங்கியே வைடா," என்றாள் முத்தம்மாள். "அந்த மனுசன் இருந்த வரைக்கும் எவன் வேலை செய்யறான்னு பின்னாலயே நின்னு பாத்துகினு இருந்தாரு. இப்பவும் பாக்கட்டும்."

தாய் சொல்லைத் தட்ட முடியவில்லை. பேன்ட்டின் பின்பக்கம், நட்டநடுவில், வீரராகவன் தங்க நூலில் எழுந்தருளினார்.

விளம்பரம் பிரமாதமாக வேலை செய்தது. சோபாவில் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த முகம் மனப்பாடமானது. "மீசைக்காரர் கம்பெனியா?" என்று போன் வந்தது.

ஆனால் ஆட்களால் உட்கார முடியவில்லை. முதலாளியின் அப்பா மேல் எப்படி உட்காருவது? நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஐயப்பன்தாங்கல் பஸ்ஸில் காலி சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள்.

"உக்காருப்பா, வழிய மறைக்காத," என்றார் கண்டக்டர்.

"பெரியவரு கீறாரு சார்," என்றான் ஜெகதீசன். கண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்.

மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று லோகநாதனும் அதே பேன்ட்டைப் போட்டிருந்தார். அவர் பாடுதான் பெரும்பாடு. வானகரத்திலிருந்து அம்பத்தூர் வரை ஸ்கூட்டரில் உட்காராமலே, பாதி எழுந்த நிலையில் ஓட்டிவந்தார். கடை வாசலில் இறங்கி, நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"பிரிச்சுடும்மா. முடியல."

கலைவாணி அவரைத் தடுப்புக்குப் பின்னால் அனுப்பி ஒரு லுங்கியைக் கொடுத்தாள். பேன்ட்டை வாங்கி நூலைப் பிரித்தாள். ஆனால் வெயிலிலும் சிமென்ட் தூசியிலும் துணி வெளுத்துப்போய், முகம் இருந்த இடம் மட்டும் பளிச்சென்று நீலமாக நின்றது. மீசை முன்பைவிடத் தெளிவாக இருந்தது.

லோகநாதன் அதைப் பார்த்துவிட்டு லுங்கியோடு கைகூப்பினார். "போவமாட்டேங்கறாரே!"

கலைவாணி சிவப்புத் துணியில் ஒரு துண்டு வெட்டி, அதன் மேல்விளிம்பை முகத்துக்கு மேலே தைத்து, கீழே செருப்பில் வருவதுபோல ஒட்டிப் பிரிக்கும் பட்டை வைத்தாள். கோயில் கருவறையில் போடும் திரை மாதிரியே இருந்தது.

"உக்காரணும்னா மூடிக்குங்க சார். வேலைன்னா தொறந்துக்குங்க."

லோகநாதன் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கையைப் பின்னால் விட்டுத் திரையைச் சாத்தினார். கண்ணை மூடி, "மன்னிச்சுக்கோ நைனா," என்று சொல்லிவிட்டு, மெல்ல மெல்ல நாற்காலியில் அமர்ந்தார்.

அப்படியே தூங்கிப்போனார். கலைவாணி அவரை எழுப்பவில்லை. மீதி பேன்ட்டுகளுக்குத் திரை வெட்ட ஆரம்பித்தாள்.