கெட்டி என்று சொன்ன மரம்

அந்த ஆளுக்குக் ‘கொட்டாப்புளி’ என்று எவன் பெயர் வைத்தானோ, சரியாகத்தான் வைத்தான். மரம் வெட்டப் போகிற இடத்துக்கெல்லாம் கொட்டாப்புளி என்கிற அந்த மரச்சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். வீடோ கம்பெனியோ, முதல் வேலை அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவது, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்பது. ‘கெட்டி’ என்று அவர் சொன்னால் மச்சினன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுவான். ‘உள்ளே பொந்து’ என்றால் ஏறமாட்டான், கிரேன் வரும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காது ஒருகாலத்தில் தப்பு பண்ணியதே இல்லை. ஆனால் இத்தனை வருஷம் பக்கத்திலேயே மெஷின் ரம்பம் அலறினால் எந்தக் காதுதான் தாங்கும்? காதடைப்பான் மாட்டுங்கள் என்று பெண்டாட்டி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். மனுஷன் மசியவில்லை. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் வாசல் மணி. இந்த வருஷம் கொட்டாப்புளிச் சத்தமும் போயிற்று. எந்த மரத்தைத் தட்டினாலும் தலையணையைத் தட்டுகிற மாதிரியே இருந்தது.

வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கலாமில்லையா? அதுதான் இல்லை. சொன்னால் வீட்டோடு உட்காரவேண்டும், அந்தப் பயம். பட்டையைத் தடவிப் பார்த்தார், வேர்மூட்டில் காளான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், பேருக்குத் தட்டினார், ‘கெட்டி’ என்றார். மச்சினன் இறங்கி வரும்வரை மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். இறங்கிவிட்டால், அப்பாடா, இன்னைக்குத் தப்பிச்சோம் என்று ஒரு மூச்சு.

நல்லவேளையாக மச்சினனே ஒருநாள் கிட்டே வந்து உரக்க, “இனிமே கையைக் காட்டியே பேசிக்கலாம் அத்தான். ரம்பம் ஓடுறப்ப எவன் தொண்டை கிழியக் கத்துறது?” என்றான். இவருக்குக் கும்பிடுபோடவேண்டும்போல இருந்தது.

அன்றைக்கு ஒரு கம்பெனியில் கார் நிறுத்துகிற இடத்தில் மரம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் குடையும் கையுமாக நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார். கொட்டாப்புளி தட்டினார். கெட்டி மரத்தில் துள்ளுகிற சுத்தியல் துள்ளவில்லை, கை அதைச் சொல்லியது. இன்னொரு தடவை தட்டினார். மச்சினன் கயிற்றோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன அத்தான்?” என்று கையை ஆட்டிக் கேட்டான்.

“கெட்டி,” என்றார்.

மழைக்கு முன்னால் முடிக்கவேண்டுமென்று அவன் விறுவிறுவென்று ஏறினான். பாதி உயரம் போய் முதல் கிளையை அறுத்தான். மரம் இடுப்பில் ஒடிந்து அவனையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தது. மேனேஜர் வாயைப் பிளந்து கத்தியதைக் கொட்டாப்புளியால் பார்க்கத்தான் முடிந்தது. ஒடிந்த இடத்தில் ஈரத் தவிடாக உதிர்ந்துகொண்டிருந்தது. அட பாவி மனுஷா!

உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கொட்டாப்புளியின் பெண்டாட்டியிடம் சொன்னார். அவளுக்கு ஒரே தம்பி. கொட்டாப்புளி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காலில் விழலாம் என்று பார்த்தால் அந்தக் காலுக்கு அது தெரியப்போவதில்லை.

மச்சினன் உதடு அசைந்தது. அக்கா குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“என்ன சொல்றான்?” என்றார் கொட்டாப்புளி.

அவள் பதில் சொன்னாள். கேட்கவில்லை.

“என்னம்மா சொல்றான்?”

அவள் அவருடைய தோளைப் பிடித்து இழுத்து, காதருகே வாயை வைத்துக் கத்தினாள். “உங்களுக்குக் காது கேக்காதுன்னு அவனுக்கு எப்பவோ தெரியுமாம்! ஏறுறப்ப அரிவாப் பிடியால அவனே தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவானாம்! இன்னைக்கு அவசரத்துல தட்டாம ஏறிட்டானாம்! உங்க மேல தப்பில்லன்னு சொல்லச் சொல்றான்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.