சைதாப்பேட்டைக்கு வந்த கோதுமை மாவு

பொய் சொல்லும் உத்தேசத்தோடு ஷாகிரா அந்த மாடிப்படி ஏறவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் கடல்கடந்த உணவு நிவாரணச் சங்கத்தின் சென்னைக் கிளை நடந்துகொண்டிருந்தது. அங்கே டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். சைதாப்பேட்டை பஜாரில் வளையல் கடை வைத்திருந்த அப்துல் கரீமின் ஒரே மகள். மாப்பிள்ளை அமைகிறவரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அத்தாவை மாதக்கணக்கில் நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தாள்.

கிளையின் காரியதரிசி சுந்தரராமன் அவளுடைய சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டார், முகம் மலர்ந்தது.

"அப்போ உங்காத்துல தினமும் சப்பாத்திதானே?"

அவர்கள் வீட்டில் காலையில் பழையது, மத்தியானம் மீன் குழம்பும் சோறும், ராத்திரி மிச்சமிருந்த குழம்பும் சோறும். சப்பாத்தியை அவள் அடுத்த வீட்டு உருதுக்காரர்களின் தட்டில் பார்த்ததோடு சரி. ஆனால் டைப் அடிக்கும் வேலைக்கு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள் என்பதை அறைக்குள் கேட்ட டக்டக் சத்தம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆமாம் சார். தினமும்."

"வேளைக்கு எத்தனை பண்ணுவேள்?"

"வர்ற விருந்தாளியைப் பொறுத்து, சார்."

சுந்தரராமனுக்கு அதற்குமேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நாற்பத்தாறாம் வருஷம் அது. மழை பொய்த்து, ரேஷன் அரிசியைக் குறைத்திருந்தார்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்த கோதுமை மாவு சங்கத்தின் கிடங்கில் கூரை முட்ட அடுக்கியிருந்தது. ஏழை ஜனங்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. வாங்கிப்போன ஜனங்களுக்கோ அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆகவே குடிசைப் பகுதிகளுக்குப் போய்ச் சப்பாத்தி சுடக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். மேலிடத்து உத்தரவு அப்படி.

அன்று மாலையே ஷாகிரா அடுத்த வீட்டு வஜீஹாவின் அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். வஜீஹா பொறுமைசாலி. மாவு பிசைந்து காட்டினாள், உருட்டிக் காட்டினாள், தேய்த்துக் காட்டினாள். ஷாகிரா தேய்த்தது ஒரு பக்கம் நீண்டு, ஒரு பக்கம் கிழிந்து, கல்லில் போட்டதும் விறைத்துக்கொண்டது.

"இது இந்தியா மேப்," என்றாள் வஜீஹா. "கீழே தனியா கிடக்குது பாரு, அது சிலோன்."

"சாப்பிடலாமா?"

"பல்லு நல்லாயிருந்தா சாப்பிடலாம்."

முதல் வகுப்பு சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே, ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவில் நடந்தது. சங்கம் கொடுத்த புதுக் கல், பலகை, உருளையெல்லாம் வந்து இறங்கியதைப் பார்த்து ஏதோ கூத்து நடக்கப்போகிறதென்று கூட்டம் கூடிவிட்டது. முன்வரிசையில் தாயம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தியாகராய நகரில் புதிதாக எழும்பும் பங்களாக்களுக்குச் சித்தாள் வேலை பார்ப்பவள். அவளைக் கேட்காமல் அந்தக் குடிசைகளில் யாரும் எதுவும் செய்வதில்லை.

ஷாகிரா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு மாவு பிசைந்தாள். அவசரத்தில் தண்ணீர் கூடிவிட்டது. மாவு போட்டாள், இறுகிவிட்டது. மறுபடி தண்ணீர். விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு மாவு வர மறுத்தது.

"இன்னாம்மே, மாவு உன்னிய உட மாட்டேங்குது?" என்றாள் தாயம்மா.

கூட்டம் சிரித்தது. ஒருவழியாக வெந்து வந்ததைத் தாயம்மா வாங்கி ஒரு கடி கடித்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினாள். அது போதும் என்று சொன்னதா, நன்றாயிருக்கிறது என்று சொன்னதா, ஷாகிராவுக்கு விளங்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று தங்கள் பங்கு மாவைத் தவறாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மாவு பற்றாமல் சண்டையே நடந்தது.

சுந்தரராமனுக்குத் தலைகால் புரியவில்லை. "மத்த பேட்டையிலெல்லாம் மாவு வண்டு பிடிச்சிண்டு கெடக்கு. நம்ம சைதாப்பேட்டையில அடிச்சுக்கறா. நீ கெட்டிக்காரி, ஷாகிரா. உன்னைப் பத்தி தலைமை ஆபீசுக்கே எழுதிட்டேன். மிஸ் ராப்சன்னு ஒரு பெரிய அதிகாரி அதைப் பார்க்கறதுக்குன்னே வரப்போறா."

தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஷாகிராவுக்கு எந்த மயக்கமும் இல்லை. ஊரே அதற்காக அடித்துக்கொள்கிறது என்றால் எங்கேயோ உதைக்கிறது என்று பட்டது. அந்தச் சந்தேகத்தோடு அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோதுதான் பஜார் முழுக்கச் சினிமா வால்போஸ்டராக இருப்பது கண்ணில் பட்டது. மளிகைக்கடைச் சுவர், கோர்ட்டுச் சுவர், ஸ்டேஷன் தூண் எங்கும் ராஜாக்களும் ராணிகளும். அவளுடைய அத்தாவின் கடைக் கதவில்கூட ஒரு ராட்சசன் நின்றான். ஒரு மூலையைப் பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை. நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். அந்த வாசனையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஏணியோடும் வாளியோடும் போஸ்டர் ஒட்டுகிற பொன்னுரங்கம் தாயம்மாவின் புருஷன். அவள் நேரே அங்கே போனபோது குடிசை வாசலில் அவன் ஒரு பெரிய அண்டாவில் பசை கிண்டிக்கொண்டிருந்தான். ஷாகிராவைப் பார்த்ததும் துடுப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"எல்லாத்தையுமா அண்ணே காய்ச்சிட்டீங்க?" என்று கேட்டாள் ஷாகிரா.

"மழ வந்தாலும் கெட்டியா நிக்குதும்மா," என்றான் பொன்னுரங்கம், அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல். "ஜப்பான் சண்டக்கி முன்னாடிகூட இப்டி ஒரு மாவு கெடச்சதில்ல."

தாயம்மா உள்ளேயிருந்து வந்தாள். ஒளிக்கவோ மழுப்பவோ அவள் பார்க்கவில்லை. "எல்லார் ஊட்டு மாவும் இவருக்குத்தான் வருது. இவரு குடுக்கற காசுல நாங்க கேவுரு வாங்கிக்கிறோம். போலீஸாண்ட சொல்லப் போறியா?"

"இல்ல. பசிக்குது," என்றாள் ஷாகிரா. நிஜமாகவே பசித்தது. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

தாயம்மா ஒரு கணம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேழ்வரகுக் களி ஒரு உருண்டையும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். ஷாகிரா உண்டுகொண்டே தன் குட்டையும் உடைத்தாள். தன் வீட்டில் சப்பாத்தியே கிடையாது, வேலைக்காகச் சொன்ன பொய் அது என்றதும் தாயம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குடிசைப் பெண்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். பிறகு ஆளுக்கொன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். விடிவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவ்வளவு சுள்ளிக்கு எங்கே போவது? பல் போன மாமியார் எதைக் கடிப்பாள்? கைப்பிள்ளைக்கு எதைக் கரைத்துக் கொடுப்பது?

"களி கிண்டிப் பாத்தீங்களா?"

"கிண்டினோம். அதான் பசை ஆச்சு," என்றாள் ஒருத்தி. மறுபடி சிரிப்பு.

மாவாக இருந்தால் பசைதான் ஆகும். அரைக்காமல் உடைத்தால்? கிடங்கில் ஒரு ஓரத்தில் முழுக் கோதுமை மூட்டைகளும் கிடந்தது ஷாகிராவுக்கு ஞாபகம் வந்தது. மறுநாளே ஒரு படி கொண்டுவந்தாள். முதல் தடவை பெரிதாக உடைத்துவிட்டார்கள். சுள்ளி தீர்ந்துகொண்டேயிருந்தது, கோதுமை வெந்தபாடில்லை. அடுத்தமுறை ஊறவைத்து மிகப் பொடியாக உடைத்ததில் அடிப்பிடித்தது. இளசாக வறுத்து, ரவையாக உடைத்து, கொஞ்சம் கேழ்வரகு மாவும் கலந்து கிண்டியபோது பதமாக வந்தது. தாயம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "துன்னலாம்," என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் எந்தப் புகழ்ச்சியும் வராது.

சுந்தரராமனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வால்போஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டார்.

"நான் எழுதிட்டேனேம்மா. சைதாப்பேட்டையே சப்பாத்தி சாப்பிடறதுன்னு கொட்டை எழுத்துல எழுதிட்டேனே. அந்த அம்மா வந்துண்டிருக்காளே."

"வரட்டும் சார். மாம்பலத்து மில்லுல சொல்லி கோதுமைய உடச்சுத் தரச் சொல்லுங்க. வர்றவங்களுக்குக் களியக் காட்டுவோம்."

"களியா? துரைசானிக்குக் களியா?"

வேறு வழியில்லை என்பதால் ஒப்புக்கொண்டார். மில்லுக்கு அவரே குதிரைவண்டி வைத்துக்கொண்டு போய், ரவை எந்தப் பருமன் என்று மில்காரனோடு தொண்டை கட்டும்வரை வாதாடினார்.

மிஸ் ராப்சன் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்து சிவந்த, ஒட்டி உலர்ந்த உருவம். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தாயம்மா வீட்டு வாசலில் போட்ட முக்காலியில் உட்கார்ந்தாள். சுந்தரராமன் ஒரு புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு பின்னால் நின்றார். இங்கிலீஷ் தெரிந்தவள் என்று ஷாகிராவை நடுவில் நிறுத்தினார்கள்.

தாயம்மா களித்தட்டை நீட்டியபடி சொன்னாள்: "இந்தம்மா இன்னா, கருவாடு கணக்கா கீது? ஊருக்கெல்லாம் மூட்ட மூட்டயா அனுப்புறவங்க தனக்கின்னு ஒரு வாயி எத்து வச்சிக்கக் கூடாதா?"

"தங்கள் வருகை எங்களுக்குப் பெருமை என்று சொல்கிறாள்," என்றாள் ஷாகிரா இங்கிலீஷில்.

மிஸ் ராப்சன் களியை விரலால் பிட்டுக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தச் சப்பாத்தி பாவத்த சொல்லு," என்று தாயம்மா ஷாகிராவை இடித்தாள். "அத்த துன்னா மாடுகூட மடியக் காட்டாது. யாரு ரோசன அது? அவன இட்டாந்து ஒரு வாரம் இங்க குந்த வைக்கணும்."

"தலைமை ஆபீசின் யோசனையை மிகவும் மதிக்கிறார்கள். சில சிறிய மாற்றங்கள் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அபிப்பிராயப்படுகிறாள்."

மிஸ் ராப்சன் தட்டைக் கீழே வைத்தாள். "அந்த ரோசனை என்னோடதுதான், ஆயி," என்றாள் தெளிவான தமிழில். "ஒரு வாரம் குந்துறேன். குழம்பு இன்னும் இருந்தா ஊத்து."

சுந்தரராமனுக்கு மூச்சு நின்று வந்தது. ஷாகிராவுக்குக் காது மடல்வரை சூடேறியது. தாயம்மா மட்டும் சளைக்கவில்லை. அகப்பை நிறையக் குழம்பை ஊற்றிவிட்டு, எங்கே தமிழ் படித்தாய் என்று கேட்டாள். யுத்தத்துக்கு முன்னால் பல வருஷம் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததாகவும், தோட்டத்து ஆயாக்கள்தான் தனக்கு வாத்தியார் என்றும் சொன்னாள் மிஸ் ராப்சன். அந்தத் தோட்டங்கள் இன்றைக்கு இருக்கும் நிலையையும் சொன்னாள். ஜப்பான்காரன் ரயில்பாதை போட இழுத்துக்கொண்டு போன ஆம்பிளைகளில் பாதிப் பேர் திரும்பவில்லை. பெண்களும் பிள்ளைகளும் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள். அங்கேயும் அரிசியில்லை, போகிறதெல்லாம் மாவுதான். சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி இன்னொரு களி உருண்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

கிளம்பும்போது மிஸ் ராப்சன் ஷாகிராவைத் தனியே அழைத்தாள். "நீ மொழிபெயர்த்ததுல ஒரு வார்த்தைகூட உண்மையில்ல. ஆனா ரெண்டு பக்கமும் கோபப்படாம காரியம் நடக்கப் பாத்தே. அடுத்து மலாயாவுக்குத்தான் போறேன். பினாங்குல எனக்கு அப்படி ஒருத்தி வேணும். சம்பள வேலை. வர்றியா?"

வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஷாகிராவுக்கு அத்தாவின் நினைவு வந்தது.

அப்துல் கரீம் கத்தவில்லை, கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். பேச்சை நிறுத்திவிட்டார். "உம் மககிட்ட சொல்லு" என்று எல்லாவற்றையும் அம்மா வழியாகச் சொன்னார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கடலில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி விசாரித்தார். பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி இனாயத், வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது, மகளைப்போல் பார்த்துக்கொள்கிறேன் என்று தந்தி அடித்தபோதும் அசையவில்லை. சுந்தரராமன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு நேரில் வந்து பேசினார். மரியாதையாக உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, அவர் வீட்டுப் பெண்களுக்கு நாலு டஜன் வளையல் விற்று அனுப்பினார் அப்துல் கரீம்.

கப்பலேறுவதற்கு வேண்டிய காலரா ஊசியைப் போட்டுக்கொண்டு வந்த அன்று ஷாகிராவின் வலது கை தோளிலிருந்து முழங்கைவரை வீங்கிக் கனத்தது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவளால் கையைத் தூக்க முடியவில்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்துல் கரீம் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் தரம் தன் தட்டை ஒதுக்கிவிட்டு அவளுடைய தட்டை இழுத்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனார்.

"அங்க மீன் கெடைக்குமாமா?" சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கடலுக்கு நடுவுல இருக்குது அத்தா அந்த ஊரு."

"கெடச்சா போதுமா? நம்ம ஊரு வஞ்சிரம் மாதிரி வருமா?" இன்னொரு உருண்டை பிடித்தார். "வாயத் தொற. இன்னொரு ஊசி பாக்கி இருக்குதாமே, அத்த எடது கையில போடச் சொல்லு."