இங்கிரிட்டின் ஞானஸ்நானம்

இப்போதெல்லாம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் கோவிலையும் கேட்பதில்லை, கிழவனையும் கேட்பதில்லை. கடையில் சட்டை எடுப்பது போலப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். இராயப்பு இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு முழங்கை வரை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். இத்தாலியின் பலெர்மோ ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் கழுவாமல் விடமாட்டார்கள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய பேத்தி கிடந்தாள். பிறந்து ஒன்பது மணி நேரம். மத்தியானம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்க வரவேண்டிய ஏர்னஸ்ற் பாதர் வாகன நெரிசலில் எங்கோ மாட்டிக்கொண்டார். மன்னாரில் கோவில் மூப்பராக இருந்தவர் என்பதால் அவசர ஞானஸ்நானம் இராயப்புவின் தலையில் விழுந்தது.

நர்ஸ் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பேர் என்ன?" தெரியாதவர் மாதிரி மகனைக் கேட்டார்.

"இங்கிரிட், அப்பா," என்றான் றொனி.

"அது வேதப் பேரே? அப்பிடி ஒரு புனிதர் இருந்தவரே? லூர்து மேரி எண்டு சொல்லுறன்."

"வேண்டாம் மாமா." சக்கர நாற்காலியில் இருந்த மருமகள் றம்யா நிமிர்ந்தாள். நோர்வேயில் வளர்ந்தவள்.

"அந்தப் பேரின்ரை கருத்தைச் சொல்லு பாப்பம்."

"இங் எண்டது அங்கை பழைய காலத்திலை விளைச்சலுக்குக் கும்பிட்ட தெய்வம். பேரின்ரை மற்றப் பாதி அழகு எண்டு..."

"சாகப்போற பிள்ளையைப் பேய்த் தெய்வத்தின்ரை பேரிலையே அனுப்பப்போறியள்?"

அதுவரை சாவு என்ற சொல்லை அந்த அறையில் யாரும் எடுத்திருக்கவில்லை. திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஏழு மாதமும் வயித்திலை கை வச்சு இங்கிரிட் எண்டுதான் கூப்பிட்டனான், மாமா," என்றாள் றம்யா. "வேறை பேர் சொன்னால், தன்னை இல்லை எண்டு நினைப்பாள்."

"அப்பா, கும்பிட்டுக் கேக்கிறன். கெதியாச் செய்யுங்கோ."

இராயப்பு பெட்டியின் ஓட்டைக்குள் கையை விட்டார். கம்பளித் தொப்பியைப் பெருவிரலால் பின்னுக்குத் தள்ளினார். மயிரில் பட்டால் போதாது, தோலில் தண்ணீர் ஓட வேண்டும்.

"இங்கிரிட்," என்றார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

மூன்று தரம் ஊற்றினார். குழந்தை நெற்றியைச் சுருக்கியது.

பத்து நிமிடத்தில் நர்ஸ் இயந்திரத்தை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் றம்யா கத்தினாள்.

பாதர் மூச்சு வாங்க ஓடிவந்தபோது இராயப்பு அறைக்கு வெளியே நடையில் நின்றார்.

"பாதர், புனிதர் பேர் இல்லாமல் ஊத்திப்போட்டன். செல்லுமே?"

"செல்லும் அண்ணை. பேரிலை ஒண்டும் இல்லை. அதோடை சுவீடனிலை இங்கிரிட் எண்டு ஒரு கன்னியாஸ்திரி இருந்தவ. புனிதவதி."

"இப்ப சொல்லுறியள்."

"நான் பொய்யே சொல்லுறன்?"

"செத்த வீட்டிலை பாதர்மார் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ஒரேத்தோ வீதிப் பக்கம் நடந்தார். புனிதர்களின் மன்றாட்டு மாலை வாயில் தானாக ஓடியது. அகத்தம்மாள், லூசியம்மாள், செசிலியம்மாள், அனஸ்தாசியம்மாள். அடுத்து இங்கிரிட் என்று வரக்கூடிய இடத்தில் நடுவீதியில் நின்றுவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். இராயப்பு ஓரத்துக்கு வந்து, மாலையை முதலில் இருந்து தொடங்கிக்கொண்டு நடந்தார்.