கொழுந்தனின் இடது கை

ஆஸ்பத்திரிக் கார்டில் நியூக் லானின் பெயருக்கு நேரே 'பூரண குணம்' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தையை எழுதியவர் அவள் வீட்டில் ஒரே ஒரு நாள் தங்கியிருந்தால் பேனாவை மூடிப் பைக்குள் போட்டிருப்பார்.

காய்ச்சல் வந்தது தொண்ணூற்றொன்பதில். மலாய் நாட்டுச் சிற்றூரான ரெங்காஸ் கம்பத்தில் அப்போது ஆளைவிடப் பன்றி அதிகம். நியூக் லானும் அவள் புருஷன் யூன் செங்கும், புருஷனின் தம்பி கொன் ஃபாவும் கூட்டாக எண்ணூறு பன்றிகள் வளர்த்தார்கள். பன்றிகள் இருமத் தொடங்கிய மூன்றாம் வாரம் யூன் செங் படுத்தான். அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் மறுநாளே படுத்தாள். பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்தபோது யூன் செங்கை எரித்து, சாம்பலைக் கோயிலில் வைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பட்டாளத்தார் வந்து பன்றிகளையெல்லாம் சுட்டுக் குழியில் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். நிபா என்று அந்தக் கிருமிக்குப் பெயர் வைத்ததுகூட அவளுக்கு வீடு திரும்பிய பிறகுதான் தெரியும்.

உடம்பு எழுந்துவிட்டது, மற்றது எழவில்லை. இடது கை நினைத்த நேரத்தில் வெட்டி இழுக்கும். வாயில் வரவேண்டிய வார்த்தை வராது, வேறொன்று வந்து நிற்கும். சீப்பைக் கேட்க நினைத்துச் செருப்பைக் கேட்பாள். ஆறு மாதம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு கோபம் வந்தது. முன்பெல்லாம் அவள் குரல் பக்கத்து அறைக்குக் கேட்காது. இப்போது சோறு குழைந்துபோனதற்காக வாணலி மூடியை முற்றத்தில் வீசினாள். எல்லாவற்றிலும் மோசம் பிற்பகல் மூன்று மணி. அது பன்றிக்குத் தீனி போடுகிற நேரம். இல்லாத பன்றிகள் பசியில் கத்துவது அவள் காதில் விழும். அது கேட்கத் தொடங்கிய புதிதில் இரண்டு முறை வாளியைத் தூக்கிக்கொண்டு காலித் தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

அதைப் பார்த்தவள் கொன் ஃபாவின் மனைவி சூய் மோய். பக்கத்து வீடு. பார்த்ததோடு நிற்கவில்லை, காப்பிக் கடையில் சொன்னாள். "எங்க அக்காவுக்குக் காய்ச்சல் போயிடுச்சு, மூளையையும் கூட்டிட்டுப் போயிடுச்சு" என்று அவள் சொன்னதும் கடையே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு நியூக் லானுக்கு மறக்கவில்லை. எத்தனையோ மறந்தது, இது மட்டும் மறக்கவில்லை.

பரிசோதனைக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள். "வார்த்தை வாயில நிக்கலைன்னா காகிதத்துல நிக்க வையுங்க. தினம் என்ன நடந்துச்சோ எழுதுங்க." நியூக் லான் அதைப் பிடித்துக்கொண்டாள். சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சீன எழுத்தில் எழுதுவாள். எத்தனை மணி தூங்கினாள், கை எத்தனை முறை இழுத்தது, எந்த வார்த்தை தொலைந்தது, மூன்று மணிக்கு என்ன கேட்டது. தொழுவம் இருந்த இடத்தில் மிளகாய் போட்டாள். காலையில் இரண்டு மணி நேரம் வேலை, ஒரு மணி நேரம் படுக்கை, மறுபடி வேலை. அதற்கு மேல் உடம்பு ஒப்பாது. ஆனாலும் அவள் மிளகாயைச் சந்தையில் யாரும் குறை சொன்னதில்லை.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. கொன் ஃபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். காய்ச்சல் பரவியபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமி அவனையும் தொட்டிருந்தது தெரிந்தது. ஆனால் அவன் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. "என் ரத்தத்தைக் குடிச்சா கொசுவே மயங்கி விழும் அண்ணி, கிருமி எம்மாத்திரம்?" என்று மார்பைத் தட்டுவான். செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லாரி ஓட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சூய் மோய் வீட்டில் சாப்பாடு. கொன் ஃபா தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தான். சூப் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்து, "அது எங்க... அந்த... வாயில வைக்கிறது..." என்றான்.

"கரண்டியா?" என்றாள் சூய் மோய்.

"அதான். கரண்டி." சிரித்தான். "ராத்திரி சரியாத் தூங்கல."

மற்றவர்களும் சிரித்தார்கள். நியூக் லான் சிரிக்கவில்லை. அவன் இடது கையைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த அந்தக் கையின் கட்டைவிரல் ஒரு முறை உள்ளே வெட்டியது. கொஞ்சம் நின்று மறுபடி வெட்டியது. கொன் ஃபாவுக்கு அது தெரியவே இல்லை.

அன்று தொடங்கி அவள் காலண்டர் தாளில் தன்னைப் பற்றி நான்கு வரியும் கொழுந்தனைப் பற்றி நான்கு வரியும் எழுதினாள்.

மூன்றாம் நாள் சூய் மோயிடம் போனாள். "தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எனக்கு வந்ததுதான்."

சூய் மோய் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவருக்குச் சளி, அவ்வளவுதான்."

"சளி இல்ல. கை."

"என்னக்கா கை கைங்கிறீங்க? உங்களுக்கு வந்தது ஊருக்கெல்லாம் வரணுமா?" இப்போது நிமிர்ந்தாள். "புருஷன் இருக்கிறவளப் பாத்தா பொறுக்கலையா உனக்கு?"

நியூக் லானுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே கரைந்துபோனது. வாளியை எட்டி உதைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஈரத்துணி எல்லாம் மண்ணில் விழுந்தது. அன்றைய தாளில் அதையும் எழுதினாள்: 'வாளியை உதைத்தேன். தப்பு. ஆனால் நான் சொன்னது சரி.'

சூய் மோய் கணவனைச் சாமியாடியிடம் கூட்டிப்போனாள். மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதத்தைக் கொளுத்திச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். கொன் ஃபா காப்பிக் கடையில் ஒருவன் தகப்பன் செத்த கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். லாரியைத் தோட்டத்து வழியில் நிறுத்திவிட்டு, எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் நாள் காலை, தலைவலி தாங்காமல் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டான். அப்போதுதான் சூய் மோய் வேலியருகே வந்து நின்றாள். கூப்பிடவில்லை, சும்மா நின்றாள்.

நியூக் லான் காலண்டர் தாள்களை ரப்பர் போட்டுக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரோடும் வேனில் ஏறினாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சுரயா என்று ஒரு சின்ன வயதுப் பெண். கிழக்குக் கரையிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான். கொன் ஃபாவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள், முட்டியைத் தட்டிப் பார்த்தாள், பொறுமையாகக் கேள்வி கேட்டாள். பன்றிப் பண்ணை போனது, அண்ணன் போனது எல்லாவற்றையும் சூய் மோய் சொன்னாள்; கிருமியின் பெயரையும் பழைய ரத்தப் பரிசோதனையையும் சொல்ல மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

"பெரிய இழப்புதான்" என்றாள் டாக்டர். "மனசுல ரொம்ப நாள் அடக்கி வெச்சா ஒரு நாள் இப்படி வெளியே வரும். லேசான காய்ச்சல் இருக்கு, அதுக்கு மாத்திரை தரேன். தூக்கத்துக்கும் தரேன். அடுத்த வாரம் மனநல டாக்டரைப் பாருங்க."

"இல்ல" என்றாள் நியூக் லான்.

டாக்டர் திரும்பினாள்.

"இல்ல. அது வந்து... குடை." அவள் சொல்ல நினைத்தது கிருமி. "குடை உள்ளே... இல்ல, குடை இல்ல..." இடது கை விலுக்கென்று இழுத்து மேசையிலிருந்த பேனாக் குவளையைத் தட்டிவிட்டது. பேனாக்கள் தரையில் உருண்டன. மலாய் அவளுக்கு நன்றாகவே வரும். அன்று எந்த மொழியும் வரவில்லை.

டாக்டர் குரலைத் தாழ்த்தி சூய் மோயிடம் கேட்டாள். "இவங்க யாரு? இவங்களும் ஏதாவது சிகிச்சையில இருக்காங்களா?"

நியூக் லான் தரையைப் பார்த்தாள். காப்பிக் கடைச் சிரிப்பு காதில் கேட்டது. இப்போது சூய் மோய் என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும்.

சூய் மோய் குனிந்து பேனாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவளையில் போட்டாள். பிறகு சொன்னாள்: "இவங்க என் அக்கா. பத்தொன்பது நாள் நினைப்பில்லாமக் கிடந்து திரும்பி வந்தவங்க. வார்த்தை கொஞ்சம் லேட்டா வரும். வர்ற வரைக்கும் இருங்க டாக்டர்."

டாக்டர் நாற்காலியை இழுத்து நியூக் லானுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

நியூக் லான் பையைத் திறந்து தாள்களை எடுத்து நீட்டினாள். "பன்னெண்டு நாள்" என்றாள். அது மட்டும் பிசகில்லாமல் வந்தது.

டாக்டருக்குச் சீனம் படிக்கத் தெரியாது. சூய் மோய் வாங்கி, மலாயில் மாற்றி வாசித்தாள். "ஞாயிறு. கரண்டிக்குப் பேர் மறந்தான். இடது கட்டைவிரல் ரெண்டு தடவை. திங்கள். காலையில நெத்தி சூடு, சாயங்காலம் இல்ல. கட்டைவிரல் அஞ்சு தடவை. மூணு விரல் சேர்ந்து ஒரு தடவை. புதன். சட்டையில பொத்தான் போடத் தெரியல, இடது கை உதவிக்கு வரல." வாசிக்க வாசிக்க அவள் குரல் மெலிந்தது. எட்டாம் நாள் தாளில் நின்றாள்.

"படிங்க" என்றாள் டாக்டர்.

"எட்டாம் நாள். சூய் மோயை அம்மான்னு கூப்பிட்டான். அவ எல்லாரோடையும் சேந்து சிரிச்சா. அப்புறம் கொல்லையில கோழிக்கூண்டுக்குப் பின்னாடி நின்னு அழுதா. நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரியாது. பாவம்."

சூய் மோய் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நியூக் லான் அவளைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்தாள். இப்போது வார்த்தை வரிசைக்கு வந்து நின்றுவிட்டது. "ரெண்டு வருஷத்துக்கு முந்தி ரத்தம் எடுத்தாங்க. அவனுக்கும் இருந்துச்சு. படுக்கல, அதான் விட்டுட்டாங்க. நிபா. உள்ளேயே இருந்திருக்கு."

டாக்டர் சுரயா எழுந்து கொன் ஃபாவின் இடது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கட்டைவிரல் வெட்டியது.

அவள் போனை எடுத்துத் தலைநகரிலிருந்த மூளை நிபுணரைக் கூப்பிட்டாள். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் திட்டுத் திட்டாக வெள்ளை. படம் வந்த அரை மணியில் கொன் ஃபாவுக்கு வலிப்பு வந்தது. கட்டிலிலேயே இருந்ததால், ஊசியும் ஆளும் பக்கத்திலேயே இருந்ததால், பிழைத்தான். லாரியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சூய் மோய் ஒரு முறைதான் சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவன் கண் திறந்தபோது டாக்டர் சுரயா வராந்தாவுக்கு வந்து நியூக் லானின் பக்கத்தில் நின்றாள். "உங்களை நோயாளின்னு நினைச்சுட்டேன் அக்கா. மன்னிச்சிடுங்க."

"நோயாளிதான்" என்றாள் நியூக் லான். "அதனாலதானே எனக்குத் தெரிஞ்சுது."

கொன் ஃபா வீடு வந்தான், முழுசாக வரவில்லை. லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வந்தாலும் அழுதான். ஆண்பிள்ளை அழுவதா என்று அதற்காக இன்னும் கொஞ்சம் அழுதான். நியூக் லான் அவனை மிளகாய்த் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். "ரெண்டு மணி நேரம் வேலை. அப்புறம் படு. எழுந்து அழணும்னா அழு. மிளகாய் ஒண்ணும் சொல்லாது."

"இது எப்ப அண்ணி சரியாகும்?"

"எனக்கு இன்னும் ஆகல" என்றாள். "ஆனா இந்த வருஷம் போன வருஷம் மாதிரி இல்ல. அடுத்த வருஷம் நீயே பாத்துச் சொல்லு."

அந்தச் சித்திரை மாதத்தில் சுகாதார இலாகாவிலிருந்து மூன்று பேர் கம்பத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். ரத்தத்தில் கிருமி தெரிந்தும் படுக்காதவர்கள் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை அவர்களைப் போய்ப் பார்த்து, சந்தேகம் வந்தால் சொல்ல ஊரிலேயே ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கம்பத்துத் தலைவர் பள்ளிக்கூட வாத்தியார் பெயரைச் சொன்னார். படித்தவர், தெளிவாகப் பேசுவார் என்றார்.

சூய் மோய் எழுந்தாள். "வாத்தியார் நல்லாப் பேசுவார், சரி. எதைப் பாக்கணும்னு அவருக்குத் தெரியுமா?"

சிலர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். சூய் மோய் தொடர்ந்தாள்.

"என் புருஷன் கையை இந்த ஊரே பாத்துச்சு. நானும் பாத்தேன். சாமியாடியும் பாத்தாரு. ஒருத்தங்களுக்குத்தான் தெரிஞ்சுது. அவங்களப் பத்திக் காப்பிக் கடையில நான் ஒரு பேச்சுப் பேசினேன், எல்லாரும் சிரிச்சீங்க. அந்தப் பேச்சை இங்கயே திருப்பி எடுத்துக்கிறேன்." அவள் உட்காரவில்லை. "என் அக்காவ எழுதிக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியாரே முதலில் கை தூக்கினார். நியூக் லான் பின் வரிசையில் இழுக்கும் கையை மற்றொரு கையால் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் இப்படி நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை.

முதல் திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டாள். எட்டு வீட்டில் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். ஒன்பதாவது வீடு, வாத்துப் பண்ணை வைத்திருந்த லியோங் கிழவர் வீடு. அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, போ போ. நல்லா இருக்கிறவன்கிட்ட வந்து கையக் காட்டு, கண்ணக் காட்டுன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா காட்டுறதுக்கு என்ன? நான் என்ன, கையத் தூக்கிட்டா போகப் போறேன்?"

"உன் கையே நிக்க மாட்டேங்குது, நீ என் கையப் பாக்க வந்துட்டியா?"

"ஆமா" என்றாள் நியூக் லான். "அதனாலதான் என்னை அனுப்பியிருக்காங்க. நீட்டுங்க மாமா. எனக்கு வேலை இருக்கு."

கிழவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே கையைக் கால்சட்டையில் துடைத்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார்.