ஓடுதளத்தில் கற்பூரம்

வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுகாசினி பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மூன்று நாளாகப் பலகை தூக்கிய தோள். வீட்டுக்குக் கான்கிரீட் போடும் பலகை இல்லை அது. மேலே நீல ரப்பர் ஒட்டி, அடியில் இரும்புச் சட்டம் அடித்தது. ஒன்றைத் தூக்க ஒரு பெரிய குடும்பமே வேண்டும்.

வலித்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கப்பலில் வந்த பலகைகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, எதிரே ஓடுதளமாகக் கிடந்தன. சுற்றிலும் நீள்வட்டம், வளைவில் மட்டும் ஏரிக்கரைபோல் மேடேறி இறங்கியது. நடுவே அம்பு விட்டதுபோல நேரான ஓடுபாதை. எட்டுத் தடங்களின் வெள்ளைக் கோடுகளும் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் நெசவுக்கு இழுத்துக் கட்டிய பாவு மாதிரி விறைப்பாக நின்றன.

ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி காஞ்சிபுரத்துக்கு வருகிறது என்றதும் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. கூரைக்குள் என்ன ஓட்டம் என்று கேட்டார்கள். இப்போது லாட்ஜில் ரூம் கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் கஜகஸ்தான் ஆட்களைக் கோயிலுக்கு ஏற்றிப்போகிறார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு முதல் ஓட்டம்.

ஓடுதளம் போடும் கூலி வேலையை ஐயம்பேட்டை காலனியின் சுகாசினிதான் எடுத்திருந்தாள். அந்த வேலையோடு முடியவில்லை. மதியச் சோதனையில் தளம் குறையில்லாமல் தேறினால், போட்டி நடக்கும் நாலு நாளும் தடை வைப்பது, மணல் வாருவது, ஓடத் தொடங்கும் கட்டைகளை மாட்டுவது எல்லாம் அவள் ஆட்களுக்கே. நீலச் சட்டை கொடுத்திருந்தார்கள். முதுகில் ‘கள அணி’ என்று எழுதியிருந்தது. அவள் ஆட்கள் கட்டாத மண்டபம் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் விளக்குப் போடுகிற நாளில் ஒருத்தனும் உள்ளே இருந்ததில்லை. வேலை முடிந்ததும் கை காலைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போக வேண்டியதுதான். இந்த முறை விளக்குப் போடும்போது உள்ளே நிற்போம் என்று அவள் சொல்லியிருந்தாள். மற்றவர்களைவிட அவளுக்குத்தான் அந்த ஆசை அதிகம்.

“மேஸ்திரிம்மா!” கைலாசம் வேகமாக வந்தார். அவள் ஆட்களில் மூத்தவர்.

“இன்னா? ஏன் மூஞ்சி இப்டிப் போச்சு?”

“நீயே வந்து பாரும்மா.”

நேர் ஓடுபாதையின் நடுவில், நாலாம் தடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் கருகிக் கொப்பளித்திருந்தது. நடுவில் ஒரு குழி. அதில் வெற்றிலையின் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காலையில் கடைசி போல்ட்டை முடுக்கியதும் கைலாசம் பூசணிக்காய் சுற்ற வேண்டும் என்றார். சுகாசினி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் எந்தக் கூரை போட்டாலும், யார் எந்தச் சாமி கும்பிட்டாலும், பூசணிக்காய் சுற்றாமல் அவள் ஆட்கள் இடத்தை விட்டு இறங்கியதில்லை. சரி என்றாள். “ஒடைக்கிறத மட்டும் ரோட்டுல போய் ஒடைங்கப்பா, ரப்பர் நாறிப்போவும்” என்றும் சொன்னாள். அவர்களும் பத்திரமாக வெளியே கொண்டுபோய்த்தான் உடைத்தார்கள். கற்பூரத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. சிமெண்டிலும் செங்கல்லிலும் எத்தனையோ முறை வெற்றிலைமேல் வைத்து ஏற்றியாயிற்று. அங்கே கரிதான் மிஞ்சும், துடைத்தால் போய்விடும்.

“எவ்ளோ கற்பூரம் வெச்சீங்க?”

“ஃபாரின்காரன்லாம் ஓடுறானே, திஷ்டி ஜாஸ்தியா இருக்கும்னு…” கைலாசம் இழுத்தார். “பாக்கெட்ட கொட்டிட்டேம்மா.”

பக்கத்தில் நின்ற ஜான்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுகாசினி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். “மேல ஒரு பாய போட்டுடலாமாக்கா? இல்லன்னா நீலப் பெயிண்ட்டு?” என்றான்.

“ஓடுற பொண்ணு கால்ல ஆணி வெச்ச செருப்பு. குழியில மாட்டிச்சின்னா மொழங்கால் போயிடும். பாய போடறானாம் பாய.”

அவள் நேராகத் தேவிப்ரியாவிடம் போனாள். போட்டியை நடத்தும் கம்பெனியின் தள மேனேஜர். சென்னைப் பெண், சுகாசினியைவிடப் பத்து வயது சின்னவள். இடுப்பில் வாக்கி டாக்கி இரைந்துகொண்டே இருந்தது. மறைத்துப் பேச நேரமில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

தேவிப்ரியா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “கற்பூரமா? சிந்தெடிக் டிராக்ல கற்பூரமா? யாராவது கேட்டா நம்புவாங்களாக்கா?”

“தப்புதாம்மா. இப்ப இன்னா பண்ணலாம் சொல்லு.”

போர்ச்சுகலிலிருந்து பலகைகளோடு வந்த டெக்னீஷியன் ரூய் முழங்காலிட்டு அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தார். முதலில் அவர் மொழியில் ஏதோ திட்டினார். பிறகு தேவிப்ரியாவிடம் சொன்னார். ஒட்டுப்போட்டால் பசை காய நாளைக் காலை ஆகும். பலகையையே மாற்ற வேண்டும். பக்கத்துப் பயிற்சிக் கூடத்தில் இதே அளவில், இதே கோடுகளோடு ஒன்று இருக்கிறது. கழற்றி இங்கே மாட்டலாம். ஆனால் ஃபோர்க்லிஃப்ட்டை ஓடுதளத்தின் மேல் ஏற்ற விடமாட்டார். சக்கரம் பட்டால் இன்னும் நாலு பலகை போய்விடும். கையால்தான் தூக்க வேண்டும்.

“மூணு மணிக்கு டெக்னிக்கல் டெலிகேட் இன்ஸ்பெக்ஷனுக்கு வராங்க” என்றாள் தேவிப்ரியா. “அதுக்குள்ள முடிச்சீங்கன்னா, பேனல் மாத்தினோம்னு நானே சொல்லிடறேன். பொய் சொல்ல மாட்டேன். முடியலன்னா முதல் செஷன் கேன்சல். அப்புறம் உங்க டீம் உள்ள நிக்க முடியாதுக்கா. சென்னை ஏஜென்சி வேற ஆளுங்களோட பஸ்ஸ வெளியவே நிறுத்தி வெச்சிருக்குது.”

மணி ஒன்றரை. விடிய விடிய வேலை செய்த ஆட்களை அவளே குளித்துவிட்டு வரச் சொல்லி ஐயம்பேட்டைக்கு அனுப்பியிருந்தாள். போன் போட்டால் எடுப்பார்கள், ஆனால் வேன் பிடித்து வந்து சேர மூன்றைத் தாண்டும். கையில் இருந்தது எட்டுப் பேர். இன்னும் பத்துப் பேராவது இல்லாமல் பலகை தரையை விட்டு எழும்பாது.

வெளியே சாப்பாட்டுப் பந்தலில் ஆட்கள் இருந்தார்கள். கோதண்டபாணியின் ஆட்கள்.

சுகாசினி வாசல்வரைக்கும் போய் நின்றாள். இந்த ஓடுதள வேலைக்குக் கோதண்டபாணியும் விலை போட்டு, அவளிடம் தோற்றிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. அவர் அப்பாவின் நிலத்தில்தான் அவள் அம்மா மரியம்மாள் நாற்று நட்டாள், களை பிடுங்கினாள். அம்மா அந்தப் பெரியவரை ‘ஆண்டே’ என்றுதான் கூப்பிடுவாள். நிலம் வீட்டுமனையாகிப்போய், மகன் பந்தல் காண்ட்ராக்டர் ஆனார். சுகாசினி அவரை ‘அண்ணா’ என்றாள். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்க ரொம்ப நேரமானது.

வேறு வழி இல்லை. வெயிலில் இறங்கி நடந்தாள்.

“இன்னா மேஸ்திரி!” நாற்காலியில் இருந்தபடியே கோதண்டபாணி குரல் கொடுத்தார். “ஏசியில இருக்குறவங்கல்லாம் வெயிலுக்கு வரீங்க? கரண்ட்டு போயிடுச்சா?”

அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

“பலகை ஒண்ணு மாத்தணும்ண்ணா. பத்து ஆளு வேணும், ஒரு மணி நேரத்துக்கு.”

“எதுக்கு மாத்தற? புதுப் பலகைதானே?”

சொல்லாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஊர் முழுக்கச் சொல்வார். “கற்பூரம் ஏத்தினாங்க. சுட்டுடுச்சு.”

அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. பந்தல்மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன்கூட இறங்கி வந்து என்னவென்று கேட்டான். சுகாசினி அசையாமல் நின்றாள். சிரித்து முடிக்கட்டும்.

“முழு நாள் கூலி குடுத்துடறேன். ஒரு மணி நேர வேலைக்கு முழு நாள். சாயங்காலமே கையில.”

சிரிப்பு நின்றது. “கூலியா?” என்றார் கோதண்டபாணி. “எங்கிட்ட நீ கூலி பேசறியா?”

அவளுக்குக் காது சூடானது. இத்தனை நாள் வாங்கின கையால் நீ கொடுப்பதா என்கிறார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். உள்ளே எட்டுப் பேர் நீலச் சட்டையைக் கசங்காமல் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கால் நகரவில்லை.

“எனக்கு வேணும்ண்ணா” என்றாள். “நீங்க எப்டி வேணா பேசுங்க. எனக்கு இப்ப ஆளு வேணும்.”

கோதண்டபாணி எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார். “கூலிக்கு வேணாம்மா. அடுத்த மாசம் திருமுக்கூடல்ல எம் பொண்ணு துர்காவுக்குக் கல்யாணம். பந்தல் பெருசு, ஆளு பத்தாது. நீ பத்து ஆள அனுப்பு. ஆளுக்கு ஆளு.”

ஆளுக்கு ஆள் என்பது சுகாசினிக்குத் தெரியாத பேச்சில்லை. நடவு நாளில், அறுப்பு நாளில், நிலக்காரர்கள் தங்களுக்குள் அப்படித்தான் செய்துகொள்வார்கள். இன்று உன் கழனிக்கு நான், நாளை என் கழனிக்கு நீ. அதில் காசு கிடையாது. காலனி ஆட்களிடம் ஒருநாளும் அந்தப் பேச்சு வந்ததில்லை. காலனிக்குக் கூலியாக வந்தது மரக்கால் நெல். அதையும் குவிக்காமல் தலைதட்டித்தான் அளந்தார்கள்.

அவர் வேண்டுமென்றே சொன்னாரா, அவசரத்தில் வாய் தவறி வந்ததா, அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

“சரிண்ணா. ஆளுக்கு ஆளு.”

“டேய், எல்லாம் வாங்கடா! மேஸ்திரிம்மா பலகைக்குத் தோள் குடுக்கணுமாம். கற்பூரம் எவனும் எடுத்துக்கினு வராதீங்க!”

வாசலில் செருப்புகள் குவிந்தன. ரூய் போல்ட்டுகளைக் கழற்றி ஓரமாக நின்றார். கருகிய பலகையை எடுத்து ஓரம்கட்டினார்கள். ஓடுபாதையின் நடுவில் பல் விழுந்ததுபோல ஓர் ஓட்டை.

பயிற்சிக் கூடத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த ஓட்டக்காரிகள் விலகி நின்றார்கள். ஒருத்தி போனை எடுத்துப் படம் பிடித்தாள். ரூய் கழற்றிவிட்ட பலகையின் இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து விரலை அடியில் விட்டார்கள். கோதண்டபாணியும் ஒரு மூலையைப் பிடித்தார்.

“நீங்க எதுக்குண்ணா? முதுகு பிடிச்சிக்கும்.”

“பத்து ஆளுன்னா என்னையும் சேத்துதான். வாய மூடிட்டு எண்ணு.”

“எல்லாரும் எங் கொரலுக்குத்தான் நடக்கணும். யாரும் தனியா வீரம் காட்டாதீங்க. ஒண்ணு… ரெண்டு… தூக்கு!”

பலகை எழும்பியது. பதினெட்டு மூச்சும் ஒன்றாக இறங்கியது. “வலது கால்! இடது! வலது!” அவள் பின்பக்கமாக நடந்தபடி குரல் கொடுத்தாள். கூடத்தைத் தாண்டி, வாசல் திருப்பத்தில் பலகை சாய்ந்தது.

“மூலை தாழுது! கோதண்டபாணிண்ணா, உங்க மூலைதான்! தூக்குங்க!”

“தூக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“பத்தல! இன்னும்!”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கைலாசம் பின்னாலிருந்து, “நைனா, கல்யாண சாப்பாட்ட இப்பவே செமிச்சிடப் போறீங்க” என்றார். ஒரு சிரிப்பு ஓடியது. “சிரிக்காதீங்கடா, வழுக்குது!” என்று சுகாசினி கத்தினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

ஓட்டையின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரூய் தரையோடு கன்னம் வைத்துப் படுத்து, கையை மெல்ல ஆட்டினார். ஒரு மயிரிழை இடது, ஒரு மயிரிழை முன்னே. “விடு… விடு… மெதுவா…” டப் என்று ஒரு சத்தம். பலகை உட்கார்ந்தது. கோடும் கோடும் சேர்ந்தன. ரூய் எழுந்து பக்கத்தில் நின்ற ஜான்சனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஜான்சன் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகில் தட்டினான்.

கடைசி போல்ட் முடுக்கும்போதே சோதனை அதிகாரி அம்மாள் உள்ளே வந்துவிட்டார். நரைத்த தலை, கையில் இரும்பு அளவுகோல். தேவிப்ரியா சொன்னபடியே பலகை மாற்றியதைச் சொன்னாள், கற்பூரத்தையும் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். குனிந்து, சேர்ந்த இடத்தில் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார். காலால் மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார். கைலாசம் கண்ணை மூடிக்கொண்டார். சுகாசினியின் உதடு கர்த்தரைக் கூப்பிட்டது.

அம்மாள் நிமிர்ந்து தலையாட்டினார்.

ஐந்து மணிக்கு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. கூரையே வெளுத்துப்போனது. படிக்கட்டுகள் நிறைந்து, நாதஸ்வரமும் மேளமும் முழங்கி, எல்லாம் ஒரு நொடியில் அடங்கின. நீலச் சட்டையில் இருபத்துச் சொச்சம் பேர் ஓடுபாதை ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். ஐயம்பேட்டையிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவர்களின் தலை பளபளத்தது.

பெண்கள் அறுபது மீட்டர். துப்பாக்கி வெடித்தது. எட்டுப் பேரும் ஒரே உறுமலாக வந்தார்கள். கால்கள் பலகைமேல் விழுந்த சத்தம் சுகாசினியின் பாதம்வரை அதிர்ந்தது. நாலாம் தடத்துக்காரி அந்தப் பலகையை மிதித்தாள், தாண்டினாள், போய்விட்டாள். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது.

“போய்ட்டா! போய்ட்டாடா!” கைலாசம் குதித்தார். கள அணி குதிக்கக் கூடாது என்று தேவிப்ரியா காலையிலேயே சொல்லியிருந்தாள். இப்போது அவளே கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

நாலு நாளும் அப்படியே போயின. தடை வைத்தார்கள், மணல் வாரினார்கள். உயரம் தாண்டும் மெத்தையில் படுத்துப் பார்த்த ஜான்சன் திட்டு வாங்கினான். கடைசி நாள் பலகைகள் கண்டெய்னரில் ஏறின. லாரியில் சாய்ந்து நின்று கைலாசம் கேட்டார்.

“கோதண்டபாணிக்குப் பத்து பேரு கூலிய குடுத்து முடிச்சுக்கலாமேம்மா? நமக்கும் ஒரு நாள் வேலை மிச்சம்.”

“வாயத் தொறக்காதீங்க. ஆளுக்கு ஆளுன்னு பேசியாச்சு. பத்துல மொத ஆளு நான், ரெண்டாவது நீங்க.”

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கோதண்டபாணிக்குச் சுகாசினி தரவேண்டியது பத்து ஆள் வேலை. இன்னும் தரவில்லை.